பால்சா விமானம்: பசை விடுகிறது, புட்டி பள்ளமாகிறது, சீலர் வெளுக்கிறது. கடலோரத்தில் எப்படி முடிக்கிறீர்கள்?

தங்கச்சிமடம் தட்டான்

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்தில் வடகடல் பக்கம் வீடு. பால்சா என்கிற லேசான மரத்தில் 48 அங்குல இறக்கையோடு, ரிமோட்டில் பறக்கும் ஒரு மின்மோட்டார் விமானம் கட்டிக்கொண்டிருக்கிறேன். இறக்கை உடலுக்கு மேலே ரப்பர் பேண்டில் உட்காரும் பழைய பாணி, வாலில் திருப்புவதற்கு ரடர், ஏற்றி இறக்க எலிவேட்டர், மோட்டார் அவ்வளவுதான். இதுவரை தெர்மகோலும் கோரோ ஷீட்டும்தான் பறக்கவிட்டிருக்கிறேன், மரத்தில் இது முதல். கூடு முழுசாக நின்றுவிட்டது, இனி இழைத்துப் பூச வேண்டியதுதான் என்ற இடத்தில் மூன்று சங்கதிகள் சேர்ந்து வேலையை நிறுத்திவிட்டன.

ரிப்கள், அதாவது இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் துண்டுகள், எல்லாமே ஃபெவிக்விக் போட்டு ஒட்டியவை. இறக்கையை இரண்டு கையாலும் பிடித்து லேசாக முறுக்கினால் டிக் டிக்கென்று சத்தம் வருகிறது, இறக்கை நெடுக ஓடும் சட்டமான ஸ்பாரோடு சேரும் இடத்தில் ஒன்றிரண்டு விட்டும்விட்டன. மரம் கிழியவில்லை, பசை மட்டும் தனியாகப் பெயர்கிறது.

அடுத்தது உடல். பலகைகள் சேரும் விளிம்புகளில் ஹார்ட்வேர் கடை மரப்புட்டியைத் தடவி, காயவிட்டு, உப்புத்தாள் போட்டேன். அன்றைக்குச் சமமாகத்தான் இருந்தது. மறுநாள் பார்த்தால் புட்டி போட்ட கோடு உள்வாங்கியிருக்கிறது. சில இடத்தில் அதற்கு நேர்மாறு, புட்டி மேடாக நிற்கிறது, இரண்டு பக்கமும் பால்சா குழிந்துபோயிருக்கிறது.

மூன்றாவதுதான் வயிற்றெரிச்சல். விமானத்துக்கென்று பூசும் லாக்கரான டோப் இங்கே எங்கும் கிடைக்காது, ஆன்லைனில் கேட்டால் தீப்பற்றும் பொருள் என்று கூரியரில் எடுக்க மாட்டேன் என்கிறார்கள். சரி என்று மர பாலிஷுக்குப் போடும் என்.சி. சாண்டிங் சீலரை வாங்கி வால் பகுதியில் ஒரு கோட் அடித்தேன், சாயங்காலம், லேசாகத் தூறி ஓய்ந்த பிறகு. கண் முன்னாலேயே பால் ஊற்றியதுபோல வெளுத்துவிட்டது. தேய்த்து எடுப்பதா, மேலேயே அடிப்பதா? வால் கிடைமட்டப் பலகை வேறு கொஞ்சம் வளைந்திருக்கிறது.

அப்புறம், எல்லாம் சரியானால் மேலே என்ன போர்த்துவது? டிஷ்யூ என்கிற மெல்லிய தாளா, இஸ்திரி போட்டு ஒட்டும் பிளாஸ்டிக் ஃபிலிமா? சென்னை, கோவைக்காரர்கள் சொல்கிற யோசனை இந்த உப்புக்காற்றுக்குப் பொருந்துமா என்று சந்தேகம், அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

கீழக்கரை கிளைடர்

தம்பி, முதலில் மூடாத இறக்கையை முறுக்கிப் பார்ப்பதை நிறுத்துங்கள். திறந்த கூட்டுக்கு வளைவைத் தாங்கும் பலம் ஸ்பாரில் இருக்கிறது, முறுக்கைத் தாங்கும் பலம் பெரும்பாலும் மேலே போர்த்தும் தோலில் இருந்துதான் வரும். டிஷ்யூவோ ஃபிலிமோ இழுத்து ஒட்டிய பிறகு அதே இறக்கை விறைப்பாக நிற்கும். இப்போது முறுக்கினால் எவர் கட்டியதும் சத்தம் போடும்.

ஆனாலும் பசை மட்டும் பெயர்கிறது என்று சொன்னீர்களே, அதைக் கவனிக்க வேண்டும். நல்ல மூட்டு உடைந்தால் பால்சாவைப் பிய்த்துக்கொண்டுதான் வரும். பிய்க்காமல் வந்தால் ஒன்று, இரண்டு துண்டும் சரியாகப் பொருந்தவில்லை, இடையில் சந்து இருந்திருக்கிறது. ஃபெவிக்விக் வகை சந்தை நிரப்பாது. இல்லையென்றால் பசை உள்ளே ஊறுவதற்கு முன்பே இறுகிவிட்டது. அதில் இருக்கும் சயனோஅக்ரிலேட் ஈரத்தால் இறுகும் பொருள். காய்ந்த ஊரில் பத்து நொடி எடுப்பது நம் ஊரில் வைத்த கையோடு பிடித்துக்கொள்ளும், அதுவும் வாடைக்காற்று மாதங்களில் சொல்லவே வேண்டாம். அது இறுகினால் கடினம், ஆனால் அதிர்ச்சிக்கு நொறுங்கும். தரையில் தட்டி இறங்குகிற விமானத்தில் ரிப்பை அந்த இடத்தில் பிடித்து நிறுத்த மட்டும் அது போதும், பாரம் தாங்க அல்ல.

ஒட்டியதையெல்லாம் பிரிக்காதீர்கள், பால்சா கந்தலாகிவிடும். விட்டுப்போன மூட்டில் மட்டும் பழைய பசையைச் சின்ன பிளேடால் சுரண்டி மரம் தெரியும்படி செய்யுங்கள். இது முக்கியம், ஏனென்றால் ஃபெவிக்விக் ஊறிய மரத்தில் ஃபெவிகால் ஊறாது, மேலே உட்கார்ந்துவிட்டுத் தோல் மாதிரி உரிந்து வரும். சுரண்ட முடியாத மூட்டுக்கு மெதுவாக இறுகும் ஆரல்டைட்டைக் குச்சி முனையில் தொட்டு வையுங்கள்.

உண்மையான வைத்தியம் வேறே. மேல் ஸ்பாருக்கும் கீழ் ஸ்பாருக்கும் நடுவே, ரிப்புக்கு ரிப், ஒன்றரை மில்லிமீட்டர் பால்சாத் துண்டுகளை ஒட்டுங்கள். நார் செங்குத்தாக நிற்க வேண்டும், படுக்கையாக அல்ல. இதைத்தான் ஷியர் வெப் என்பார்கள். மேல் ஸ்பார் அழுந்தும்போதும் கீழ் ஸ்பார் இழுபடும்போதும் இரண்டையும் விலகாமல் பிடிப்பது அதுதான். நடுவிலிருந்து இறக்கை நீளத்தில் பாதி வரைக்கும் போட்டாலே போதும், நுனிக்குப் பாரம் குறைவு. எடை மொத்தம் நாலைந்து கிராம் கூடும்.

இதற்கு ஃபெவிகால் எஸ்.எச். தாராளமாகப் போதும். வெட்டு முனையில் முதலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து தடவி ஊறவிடுங்கள், அப்புறம் கெட்டியாக ஒரு தடவை வைத்துச் சேர்த்தால் மூட்டு பசைக்கு ஏங்காது. வெளியே பிதுங்கியதை ஈரத்துணியால் உடனே துடைத்துவிட வேண்டும். காய்ந்த ஃபெவிகால் உப்புத்தாளுக்கு மசியாது, ரப்பராக உருளும், அதைத் தேய்க்கப் போய்ப் பக்கத்து மரம்தான் குழியும். மஞ்சள் நிற அலிபாடிக் பசை கிடைத்தால் இன்னும் நல்லது, அது நன்றாக இழையும். தண்ணீரில் செய்தது என்பதால் கூரியரிலும் வரும். எதுவானாலும் ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். தண்ணீர்ப் பசை காய்வது தண்ணீர் வெளியேறித்தான், காற்றே ஈரம் நிறைந்து கிடக்கும்போது அது எங்கே போகும்?

மோட்டார் மாட்டும் ப்ளைவுட், சக்கரக் கம்பி உட்காரும் கட்டை, இறக்கை இரண்டு பாதியும் சேரும் இடம், இந்த மூன்றுக்கும் மட்டும் எபாக்சி. ஐந்து நிமிட எபாக்சி வேண்டாம், சாதா ஆரல்டைட். ஐந்து நிமிட வகை வெயிலில் நிறுத்திய கார் சூட்டுக்கே இளகும், ஈரத்துக்கும் பலவீனம்.

மிச்ச ஃபெவிக்விக்கைக் கண்ணாடி ஜாடியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், எடுத்தால் அறைச்சூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும். குளிரோடு திறந்தால் உள்ளே வியர்த்துக் கட்டியாகிவிடும்.

பட்டறை ராம்நாடு

நான் விமானக்காரன் இல்லை, கட்டில், பீரோ, கதவுக்குப் பாலிஷ் போடுகிறவன். மகன் இந்தப் பக்கத்தைக் காட்டினான். தம்பி சொன்ன அந்த வெள்ளை எங்கள் தொழிலில் தினப்படி வருவதுதான், அதற்காகச் சுரண்ட வேண்டாம்.

தின்னர் வேகமாக ஆவியாகும்போது பூசிய இடம் குளிர்ந்துபோகும். காற்றில் ஈரம் நிறைய இருந்தால் அந்தக் குளிரில் பனி மாதிரி மேலே படிந்து சீலருக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், அதுதான் வெளுப்பு. மழை தூறி ஓய்ந்த சாயங்காலம் என்றால் கேட்கவே வேண்டாம். பெயின்ட் கடையில் ரிடார்டர் என்று கேளுங்கள், கார் பெயின்ட் விற்கிற கடையில் இருக்கும். மெதுவாக ஆவியாகிற தின்னர் அது. நல்ல வெயில் நாளில் வழக்கமான தின்னரோடு கொஞ்சம் ரிடார்டர் கலந்து வெளுத்த இடத்தில் ஒரே ஓட்டமாகப் பிரஷ்ஷை ஓட்டுங்கள். திரும்பத் திரும்பத் தேய்க்காதீர்கள். பழைய பூச்சு இளகி ஈரத்தை விட்டுவிட்டுத் தெளியும். ஒரு தடவையில் போகாவிட்டால் காயவிட்டு மறுபடி.

நேரம் பார்த்து அடிக்க வேண்டும். விடியற்காலையில் மரமே ஈரம் குடித்திருக்கும். காலை பத்து மணிக்கு மேல் வெயில் ஏறினதும், கடல்காற்று திரும்புவதற்கு முன்னால், அந்த இடைவெளிதான் எங்களுக்குச் சம்பாத்தியம். பூசப்போகும் சாமானை அதற்கு முன்பே கொஞ்ச நேரம் வெயில் படுகிற வராந்தாவில் வைத்துச் சூடேற்றிவிடுங்கள், நேர் வெயிலில் பூசவும் வேண்டாம், கொப்புளம் வரும்.

முதல் கோட்டுக்குச் சீலரும் தின்னரும் சரிபாதி. உங்கள் மரம் பஞ்சு மாதிரி இருப்பதாக மகன் சொன்னான், கெட்டியாக அடித்தால் குடித்துக்கொண்டே இருக்கும், எடைதான் ஏறும். காய்ந்ததும் நார் எழுந்து சொரசொரவென்று இருக்கும், 320 தாளில் மேலாக ஒரு இழுப்பு, பிறகு இன்னொரு கோட். சீலரில் இழைப்பதற்கு வாகாக ஒரு மாவுப்பொருள் சேர்த்திருப்பார்கள், அதனால் தாளில் ஒட்டாமல் வெள்ளைத் தூளாக வரும். அப்படி வரவில்லை, பிசுபிசுவென்று உருள்கிறது என்றால் இன்னும் காயவில்லை, தாளைக் கீழே வைத்துவிடுங்கள்.

கதவைச் சாத்திக்கொண்டு அடிக்காதீர்கள். தின்னர் நெடி தலைக்கேறும், அதைவிட அது நெருப்பு. பக்கத்தில் கொசுவத்தி, சாமி விளக்கு, அடுப்பு எதுவும் இருக்கக் கூடாது.

தங்கச்சிமடம் தட்டான்

அண்ணே, ரொம்ப நன்றி. ராமநாதபுரத்தில் ரிடார்டர் கிடைத்தது. வீணான ஒரு பால்சாத் துண்டை வேண்டுமென்றே சாயங்காலம் பூசி வெளுக்க வைத்து, மறுநாள் பதினொரு மணிக்கு நீங்கள் சொன்னபடி ஓட்டினேன், தெளிந்துவிட்டது. வால் பலகையிலும் போய்விட்டது, ஒரு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் புகை மாதிரி நிற்கிறது, எப்படியும் மேலே நிறம் வரப்போகிறது.

கீழக்கரை காக்கா, ஷியர் வெப் வெட்டிக்கொண்டிருக்கிறேன். வால் வளைவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

இன்னொரு யோசனை. பாம்பனில் ஃபைபர் படகு ரிப்பேர் செய்கிற தெரிந்தவர் ஒருவர் ரெசினும் ஹார்ட்னரும் சும்மாவே தருகிறேன் என்கிறார். அதை வைத்தே ஒட்டி, அதிலேயே ஃபில்லர் கலந்து, அதையே மேலேயும் பூசிவிட்டால் உப்பு, தண்ணீர் எதுவும் அண்டாதே, ஒரே கல்லில் மூன்று மாங்காய் கிடைக்குமே?

மண்டபம் ஃபைபர்

ஒரு மாங்காயும் விழாது தம்பி. நானும் படகு வேலைதான், பொழுதுபோக்குக்கு கிளைடர். பட்டறையில் இருக்கிறது பாலியெஸ்டர் ரெசின். இறுகலை வேகப்படுத்தும் கோபால்ட் கலந்து ஹார்ட்னர் விட்டு, கண்ணாடியிழை மேட் மேல் கனமாக ஊற்றினால் சூடாகி இறுகும். அதையே பால்சாவில் மெல்லிசாகத் தடவினால் காற்றுப் படுகிற பக்கம் ஒழுங்காக இறுகாமல் பிசுக்காகவே கிடக்கும். மரத்தோடு பிடிப்பும் எபாக்சி அளவுக்கு வராது, இறுகிய பிறகு மொறுமொறுவென்று உடையும். கூட தெர்மகோல் ஏதாவது இருந்தால் அதைக் கரைத்தே விடும்.

மேட்டும் அப்படித்தான். நாங்கள் போடுவது சதுர மீட்டருக்கு 300, 450 கிராம் மேட். உங்கள் இறக்கை 48 அங்குலம், அகலம் 8 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் மேலும் கீழும் சேர்த்து ஏறக்குறைய அரை சதுர மீட்டர். 300 கிராம் மேட்டே 150 கிராம் ஆகிவிடும், ரெசின் அதுக்கு மேலே. விமானத்துக்கென்று வருகிற கண்ணாடித் துணி 25 கிராம்தான், பட்டுத் துணியைவிட மெல்லிசு, கையில் ரேகை தட்டினாலே இழை பிரியும். அதைப் போட்டால் தண்ணீரில் கலந்த பாலியூரித்தேன் வார்னிஷில் ஒட்டுங்கள், நெடியும் இல்லை, வெளுக்கவும் செய்யாது. துணியை உலர்ந்த மரத்தில் விரித்து, நடுவிலிருந்து வெளியே பிரஷ்ஷால் நனைத்துக்கொண்டு போக வேண்டும். இழை நிரம்ப இன்னும் ஒரு கோட்டோ இரண்டோ, நடுவே லேசாக இழைப்பு. துணி கிழிய இழைத்துவிடாதீர்கள். ஆனால் இது பலகை போர்த்திய உடலுக்குத்தான். உங்கள் திறந்த ரிப் இறக்கைக்குக் கண்ணாடித் துணி சரிவராது.

இத்தனைக்கும் பால்சா படகுக்கு அந்நியமில்லை. பெரிய ஃபைபர் படகுகளில் இரண்டு ஃபைபர் அடுக்குக்கு நடுவே பால்சாவைக் குறுக்கே வெட்டி நாரை நிமிர்த்தி வைத்து உள்ளே போடுவார்கள், எடை ஏறாமல் விறைப்பு வரும். உலகத்துக்குப் பெரும்பாலான பால்சா ஈக்வடாரிலிருந்து வருகிறது.

உப்பு பற்றி ஒரு வார்த்தை. பூச்சு பூச்சு என்று பேசுகிறோம், பூசுவதற்கு முன்னால் துடைப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. உங்கள் வீடு வடகடல் ஓரம் என்றால் மேசையில் ஒரு வாரம் கிடந்த மரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் உப்பு படிந்திருக்கும். உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அதன் மேல் பூசினால் பிறகு அங்கேதான் கொப்புளம். நாங்கள் எந்தப் படகையும் நல்ல தண்ணீரில் கழுவாமல் பெயின்ட் தொட மாட்டோம். பால்சாவைக் கழுவ முடியாது, பிழிந்த ஈரத்துணியால் ஒரு துடை, நன்றாக உலரவிட்டுப் பூசுங்கள். எபாக்சி போட்ட இடத்திலும் இதே கதை, நம் ஈரத்தில் மேலே மெழுகு மாதிரி ஒரு வழவழப்பு பூக்கும். உப்புத்தாள் போட்டால் அது தேய்ந்து உள்ளேதான் போகும், முதலில் தண்ணீரால் துடைத்துவிட்டு அப்புறம் இழைக்க வேண்டும். இல்லையென்றால் பெயின்ட் பிடிக்காது.

வேலை இல்லாத நேரத்தில் கூட்டைப் பெரிய பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி வையுங்கள். பின் குத்தி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், துருக் கறை பால்சாவில் இறங்கினால் போகாது.

கீழக்கரை கிளைடர்

புட்டி விஷயம் விட்டுப்போயிற்று. ஹார்ட்வேர் கடைப் புட்டி தேக்குக்கும் ப்ளைவுட்டுக்கும் செய்தது, பால்சாவைவிடப் பல மடங்கு கெட்டி. மென்மையும் கெட்டியும் அடுத்தடுத்து இருந்தால் உப்புத்தாள் மென்மையைத்தான் தின்னும், உங்களுக்கு வந்த மேடு அதனால். பள்ளம் வந்தது வேறு காரணம்: தண்ணீர்ப் புட்டி காயக் காயச் சுருங்கும், மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும்போதே இழைத்திருப்பீர்கள். எம்-சீல் பக்கம் போகவே வேண்டாம், எடை. வெள்ளைச் சுவர்ப்புட்டியும் வேண்டாம்.

உங்களிடம் சீலர் இருக்கிறதே, அதில் டால்கம் பவுடரைக் குழைத்துத் தயிர்ப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். அதுதான் அந்தக் காலத்து விமானக்காரர்களின் ஃபில்லர், டோப்பில் கலப்பார்கள், நாம் சீலரில் கலக்கிறோம். இருக்க வேண்டிய உயரத்துக்குக் கொஞ்சம் மேலேயே வைத்து, நன்றாகக் காயவிட்டு, சுருங்கினால் இன்னொரு தடவை. ஆழமான சந்துக்கு இது எதுவும் வேண்டாம், பால்சாச் சீவலையே ஃபெவிகால் தொட்டுச் செருகுங்கள், மரத்துக்கு மரம்தான் சரி. பால்சாத் தூளைப் போட்டு மேலே ஃபெவிக்விக் சொட்டு விடுகிற வித்தையை யூட்யூபில் பார்த்திருப்பீர்கள், உடைந்த மூலையை நிமிர்த்த அது நல்லது, ஆனால் கல்லாகிவிடும், இழைக்க வேண்டிய பரப்பில் தொடாதீர்கள். புகை கண்ணைக் கரிக்கும், பஞ்சில் பட்டால் சூடாகும், கவனம்.

விரலில் தாளைச் சுற்றி இழைக்காதீர்கள், விரலுக்கு விரல் பள்ளம் விழும். நீளமான நேர்க்கட்டையில் ஒட்டிய தாள், 120இல் தொடங்கி 220, பிறகு 320. ஒரு பக்கமாகச் சாய்த்து வெளிச்சம் படும்படி வைத்துப் பார்த்தால் மேடு பள்ளம் எல்லாம் நிழலாகத் தெரியும்.

வால் வளைவு: உங்கள் சீலரும் லாக்கர் வகைதான், அது காய்ந்து சுருங்கும்போது ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. மெல்லிய பலகைக்கு இரண்டு பக்கமும் ஒரே நாளில் ஒரே அளவு பூச வேண்டும், பிறகு தட்டையான கண்ணாடி மேல் கனம் வைத்துக் காயவிட வேண்டும். மறு கோட்டில் விளக்கெண்ணெய் சில சொட்டு கலந்துகொள்ளுங்கள், பூச்சு இளக்கமாக நிற்கும், இழுப்பு குறையும். அளவு மீறினால் எண்ணெய் மேலே பூத்து எதுவும் ஒட்டாது. இப்போதுள்ள வளைவுக்குக் கெட்டில் ஆவியில் காட்டி எதிர்ப்பக்கம் கொஞ்சம் வளைத்துப் பிடித்துக் காயவையுங்கள்.

எடைக்கு வருகிறேன். உங்கள் விமானத்தில் சி.ஜி.யிலிருந்து, அதாவது எடை சமனாகும் புள்ளியிலிருந்து, வாலுக்குள்ள தூரம் மூக்குக்குள்ள தூரத்தைப் போல மூன்று மடங்கு இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், வாலில் 10 கிராம் சீலர் கூடினால் மூக்கில் 30 கிராம் வைத்தால்தான் நேராகும். ஆக மொத்தம் 40 கிராம் சும்மா சுமக்கிறீர்கள். வாலுக்கு இரண்டு மெல்லிய கோட்டுக்கு மேல் தேவையில்லை.

கருவேலங்காட்டு பைலட்

சாயல்குடிப் பக்கம். டிஷ்யூவா ஃபிலிமா என்ற கேள்விக்குப் பதில் உங்கள் மைதானத்தைச் சுற்றி என்ன முளைத்திருக்கிறது என்பதில் இருக்கிறது. எங்கள் ஊரில் சீமைக்கருவேலம். விமானம் அதில் இறங்கினால் ஸ்பார் தப்பும், தோல் தப்பாது. டிஷ்யூ என்றால் முள் குத்திய இடத்திலிருந்து ரிப்புக்கு ரிப் கிழியும், ஒட்டுப்போட மறுபடி லாக்கர், மறுபடி வெயில், மறுபடி உங்கள் பத்து மணிக் கணக்கு. ஃபிலிம் என்றால் மைதானத்திலேயே துடைத்து ஒரு ஒட்டு, வீட்டுக்கு வந்து இஸ்திரி. என் ஓட்டு ஃபிலிமுக்கு.

ஃபிலிம் சதுர மீட்டருக்கு 60 கிராம் சுமாருக்கு வரும், ஃபைபர் அண்ணன் கணக்குப்படி உங்கள் இறக்கைக்கு 30 கிராம். டிஷ்யூவும் லாக்கரும் அதைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் லாக்கரை இன்னும் ஒரு கோட், இன்னும் ஒரு கோட் என்று அடிக்கிற கை என்றால் அந்த லாபமும் போய்விடும்.

ஃபிலிமுக்குச் சில விஷயம். ஒட்டுவதற்கு 100 டிகிரி சுமார் சூடு போதும், இழுத்துச் சுருக்க அதைவிடக் கூடுதல். வீட்டு இஸ்திரிப்பெட்டியே போதும், அடியில் பழைய பருத்திப் பனியன் துணி கட்டிக்கொள்ளுங்கள், ஆனால் நீராவியை அணைத்துவிட வேண்டும். ஓரங்களை முதலில் ஒட்டி முடித்த பிறகுதான் நடுவைச் சுருக்க வேண்டும், ஒரு பக்கத்தை மட்டும் இழுத்துவிட்டால் இறக்கை முறுகும். சுருக்கும்போது இறக்கை நேராக இருக்கிறதா என்று பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். மரம் ஈரமாக இருந்தால் சூட்டில் ஆவி கிளம்பி அடியில் குமிழ் குமிழாக நிற்கும், நம் ஊர்க் குமிழில் பாதி அதுதான். சீலர் அடித்த இடத்திலும் தின்னர் முழுக்கப் போகாமல் ஒட்டினால் இதே குமிழ். ஃபெவிகால் சூட்டுக்கு இளகும், மூட்டின் மேல் இஸ்திரியை நிறுத்தி வைக்காதீர்கள்.

கறுப்பு, கருநீலம் வாங்க வேண்டாம். வெயிலில் சூடேறித் தொய்ந்து, சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் கிழவன் தோலாகச் சுருங்கியிருக்கும். மேலே மஞ்சள், கீழே சிவப்பு. கடல்மேல் பளபளப்பில் வெள்ளை கண்ணுக்கே தெரியாது.

இன்னொன்று, ஃபிலிம் எதையும் மறைக்காது. அடியில் ஒரு தூசி இருந்தாலும் பரு மாதிரி காட்டும். அதனால் இழைப்பைக் குறைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

மண்டபம் ஃபைபர்

கருவேலங்காட்டாருக்கு: தங்கச்சிமடத்தில் முள்ளைவிட மணல்தான். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஃபிலிம் ஓரத்துக்கு அடியில் மணல் நுழைந்து தூக்கும். ஒட்டிய ஓரங்களில் வார்னிஷ் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிட்டால் நிற்கும். மற்றபடி நானும் ஃபிலிம் கட்சிதான், டிஷ்யூ அழகு, ஆனால் ஈரத்தில் தொய்யும், வெயிலில் விறைக்கும், நாளுக்கு நாள் இறக்கை வேறு வேறு மாதிரி பறக்கும்.

கீழக்கரை கிளைடர்

டிஷ்யூவை அப்படித் தள்ளிவிட முடியாது. ஒழுங்காக லாக்கர் பூசிய டிஷ்யூ தொய்யாது, பூச்சு பத்தாததுதான் தொய்யும். இறக்கைக்கு விறைப்பும் ஃபிலிமைவிட டிஷ்யூவில்தான் அதிகம். இந்தத் தம்பியின் ரிப் மூட்டுகள் வேறு சந்தேகம், அவருக்கு அந்த விறைப்பு உதவும். ஆனால் முதல் மரவிமானம், பூச்சுக்கு ஏற்ற நேரம் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான், அதனால் ஃபிலிம் என்றால் நான் சண்டைக்கு வரவில்லை. ஷியர் வெப் மட்டும் விடாமல் போட்டுவிடட்டும். வாலுக்கு டிஷ்யூ, இறக்கைக்கு ஃபிலிம் என்று பிரித்துக்கொண்டாலும் ஒன்றும் குடிமுழுகாது, வாலில் எடையும் மிச்சம்.

தங்கச்சிமடம் தட்டான்

அப்படியே செய்கிறேன் காக்கா. வாலுக்கு டிஷ்யூ, இறக்கைக்கு மஞ்சள் ஃபிலிம், உடலுக்குச் சீலர் போட்டு இழைத்து மேலே வார்னிஷ். பவுடர் ஃபில்லர் அருமையாக இழைகிறது, வீடு முழுக்கக் குழந்தைப் பவுடர் வாசம், அம்மா யாருக்குப் பிள்ளை பிறந்தது என்று கேட்கிறார்.

மோட்டார் பலகையை ஆரல்டைட்டில் ஒட்டியதோடு மூங்கில் பல்குச்சி நாலைந்து குறுக்கே அடித்துவிட்டேன், அது தேவையா, இல்லை எடைக்கு எடையா?

பறக்கவிட உச்சிப்புளிப் பக்கம் திறந்தவெளி நிறைய இருக்கிறதே, யாராவது அங்கே போயிருக்கிறீர்களா?

கீழக்கரை கிளைடர்

பல்குச்சி நல்லது, விடுங்கள். மூக்குதானே, அங்கே அரைக் கிராம் கூடினால் உங்களுக்கு லாபம்தான்.

உச்சிப்புளி கூடவே கூடாது தம்பி, அங்கே கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம் இருக்கிறது. 2021 ட்ரோன் விதிகள் வந்த பிறகு டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள், ரிமோட்டில் பறப்பது எதுவானாலும் முதலில் அதைப் பார்த்துவிட்டு, உள்ளூர்க் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இடம் முடிவு செய்யுங்கள். தீவுப் பக்கம் எதுவுமே சரிவராவிட்டால் சாயல்குடிக்காரரைப் பிடியுங்கள்.

கருவேலங்காட்டு பைலட்

தாராளமாக வரலாம். வரும்போது மிச்ச மஞ்சள் ஃபிலிமும் இஸ்திரிப்பெட்டியும் எடுத்து வாருங்கள், முள்ளுக்கு நான் பொறுப்பில்லை. சி.ஜி. பார்க்காமல் கொண்டு வராதீர்கள், பேட்டரியை முன்னே பின்னே தள்ளிப் பார்க்க உள்ளே ஒரு அங்குலமாவது இடம் விட்டிருக்கிறீர்களா? உடலை மூடுவதற்கு முன்னால் பாருங்கள்.